கெமிக்கல் அங்கர்: கொங்கிரீட்டிலும் கல்லுச் சுவரிலும் போல்ட் கழராமல் பொருத்துவது எப்படி

போன வருடம் ஒரு காலை, வெள்ளவத்தை வீட்டுக் குளியலறையில் அம்மா கைபிடிக் கம்பியைப் பிடித்து எழும்பினார். கம்பி சுவரை விட்டு அவர் கையோடு வந்துவிட்டது. வாளியில் இடிபட்டு முழங்கை கண்டியதோடு தப்பினார். ஸ்குரூவின் நுனியில் ரோல் பிளக் (ஸ்குரூவைப் பிடிக்கச் சுவரில் செருகும் பிளாஸ்டிக் உறை) அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் விரல் நுழையும் ஓட்டை. அதற்குள் ஈர்க்கை விட்டுப் பார்த்தேன், எதிலும் முட்டவில்லை.

அடுத்த கிழமை ஒரு கடையில் கெமிக்கல் அங்கர் (துளைக்குள் ஊற்றினால் இறுகிப் போல்ட்டைப் பிடிக்கும் பிசின்) டியூப் ஒன்றைத் தந்து, "இதை ஊத்தினா சுவரே பேர்ந்தாலும் போல்ட் பேராது" என்றார்கள். வேலைக்கு வந்தவர் பத்து நிமிடத்தில் நாலு துளை போட்டு ஊற்றிவிட்டுப் போனார். சீமெந்துக் கல் பக்கத்துத் துளை ஒன்று அரை டியூப்பைக் குடித்துவிட்டு இன்னும் வெறுமையாக இருந்தது. செங்கல் பக்கத்தில் மறுநாள் நட்டை இறுக்கினேன். போல்ட் கம்பியே சுழன்று, மெழுகுதிரி போல ஒரு சாம்பல் நிறக் குழலோடு வெளியே வந்தது. அந்தக் குழலை விரலால் தேய்த்தால் செங்கல் தூள் அப்பிக்கொண்டு வந்தது. தூளுக்கு உள்ளே பிசின் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. பிசினில் குறையில்லை. அது சுவரைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்திருந்தது.

மூன்றாம் முறை சரியாகச் செய்தோம். அந்த மூன்று முறைக்கும் இடையில் படித்ததையும், கட்டட வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித் தந்ததையும் ஒழுங்காக எழுதுகிறேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வேலையில் பிழை விடக்கூடாது.

1. கெமிக்கல் அங்கர் தேவைதானா?

படம், கண்ணாடி, திரைச்சீலைக் கம்பி போன்றவற்றுக்கு நல்ல ரோல் பிளக் போதும். நல்ல கொங்கிரீட்டில், ஓரத்திலிருந்து தள்ளி, நடுத்தரச் சுமைக்கு இரும்பு எக்ஸ்பான்ஷன் போல்ட் மலிவு. பொருத்தியவுடன் சுமையும் ஏற்றலாம். கெமிக்கல் அங்கருக்கு நியாயமான இடங்கள் இவை: கொங்கிரீட்டின் ஓரத்துக்குக் கிட்ட (எக்ஸ்பான்ஷன் போல்ட் விரியும்போது ஓரம் வெடிக்கும்), செங்கல், உள்ளே ஓட்டையுள்ள சீமெந்துக் கல், மழையும் உப்புக்காற்றும் படும் வெளிச்சுவர், அசைவும் அதிர்வும் உள்ள பொருட்கள். கேட் பிணைச்சல், கைபிடி, வாசலுக்கு மேலே நீட்டும் மறைப்பு, ஏசி வெளி யூனிட்டின் தாங்கி எல்லாம் இதில் அடங்கும்.

மூன்று இடங்களில் தனியாக முடிவெடுக்காதீர்கள். முதலாவது, தலைக்கு மேலே நிரந்தரமாகத் தொங்கும் பாரம். பிசின் நீண்டகால இழுவையில் மெல்ல மெல்ல நெகிழக்கூடியது. 2006 ஜூலையில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரச் சுரங்கப் பாதையில் கூரைப் பலகைகள் விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். நீண்டகாலப் பாரத்துக்குப் பொருந்தாத எபொக்ஸி நாளடைவில் நெகிழ்ந்ததே காரணம் என்று விசாரணை கண்டது. இரண்டாவது, மேல்மாடி பல்கனிக் கைபிடி. மூன்றாவது, பீம், தூண், சிலாப் நீட்டிப்புக்குக் கம்பி நடுவது. இந்த மூன்றுக்கும் சார்ட்டர்ட் எஞ்ஜினியர் ஒருவரின் கணக்கும் கையெழுத்தும் வேண்டும்.

2. சுவர் என்ன சுவர்?

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன. கொழும்பு வீடு ஒன்றில் ஒரே அறைக்குள் மூன்று வகைச் சுவர் இருக்கலாம். பழைய பகுதி செங்கல் அல்லது கபுக் (செம்புரைக்கல்), பிறகு சேர்த்த அறை சீமெந்துக் கல், தூணும் லின்டலும் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள விட்டம்) கொங்கிரீட். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பூச்சு, ஒரே பெயின்ட். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

தட்டிப் பார்ப்பதை மட்டும் நம்பவேண்டாம். போல்ட் வரப்போகும் இடத்தில் 6 மி.மீ. ட்ரில் அலகால், ட்ரில்லின் ஹாமர் அடியை நிறுத்திவிட்டு, மெதுவாக ஒரு சோதனைத் துளை போடுங்கள். கீழே வெள்ளைத் தாள் பிடித்துத் தூளைப் பாருங்கள்.

முதல் 15 முதல் 25 மி.மீ. வரை பூச்சுத் தூள் வரும். அதன் பிறகு சிவப்புத் தூள் சீராக வந்தால் செங்கல். மஞ்சளும் சிவப்பும் கலந்து ஈரமாக, அலகு வெண்ணெயில் போவதுபோல் போனால் கபுக். சாம்பல் தூள் வந்து, சிறிது தூரத்தில் அலகு திடீரென்று உள்ளே விழுந்தால் உள்ளோட்டைச் சீமெந்துக் கல். சாம்பல் தூள் வந்து, ஹாமர் இல்லாமல் அலகு முன்னேறவே மறுத்தால் கொங்கிரீட்.

அலகு விழுந்த ஆழத்தைக் குறித்துவையுங்கள். அதில் பூச்சின் தடிப்பைக் கழித்தால் வருவதுதான் கல்லின் முன்பக்கத் தோலின் தடிப்பு. எங்கள் குளியலறையில் பூச்சுக்குப் பின் 28 மி.மீ. மட்டுமே இருந்தது. ரோல் பிளக்கின் பாதி காற்றில் நின்றிருக்கிறது.

இன்னொன்றை மறக்கவேண்டாம்: பூச்சும் டைலும் ஆழக் கணக்கில் சேராது. 90 மி.மீ. ஆழம் என்று சொன்னால் கொங்கிரீட்டுக்குள் அல்லது செங்கலுக்குள் 90 மி.மீ. மேலே 20 மி.மீ. பூச்சும் 10 மி.மீ. டைலும் இருந்தால் நீங்கள் துளைக்கவேண்டியது 120. இதைக் கணக்கில் எடுக்காமல் குட்டைக் கம்பி வாங்கிவந்து திரும்பவும் கடைக்கு ஓடியிருக்கிறேன்.

கபுக் சுவரைப் பற்றி என் முடிவு இது: கைபிடிக்கும் கேட்டுக்கும் அதை நம்பவேண்டாம். மறுபக்கம் போக முடியுமென்றால், சுவரை முழுதாகத் துளைத்து, பின்னால் தகடு வைத்து நீளப் போல்ட்டால் இறுக்குவதே நல்லது. உள்ளோட்டைக் கல்லுக்கும் முடிந்த இடத்தில் அதையே செய்வேன். அம்மாவின் கம்பியை இறுதியில் செங்கல் சுவர்ப் பக்கத்துக்கு மாற்றினோம். சீமெந்துக் கல்லில் விழுந்த முனைக்கு வெளிப்பக்கத்தில் கைப்பிடி அகலத் தகடு வைத்தோம்.

3. சுமைக் கணக்கு

பொருளின் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சுவரை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் முக்கியம். வாசல் மறைப்பு ஒன்று 40 கிலோ, சுவரிலிருந்து 900 மி.மீ. நீளுகிறது என்று வையுங்கள். எடையின் மையம் 450 மி.மீ. தூரத்தில். தாங்கியின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையில் 300 மி.மீ. இருந்தால், மேல் வரிசை போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை 60 கிலோ. அந்த இடைவெளியை 150 ஆகக் குறைத்தால் இழுவை 120 ஆகிவிடும். தாங்கியின் உயரத்தைக் கூட்டுவது தடித்த போல்ட் வாங்குவதைவிட மலிவான பாதுகாப்பு. காற்று கீழிருந்து மேலே தூக்குவதையும் இதோடு சேர்க்கவேண்டும். கடற்கரைப் பக்கம் அது சின்ன விசை இல்லை.

கைபிடிக் கம்பிக்கு நான் எடுத்துக்கொண்ட அளவு, மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதியில் உள்ளது. எந்தப் புள்ளியிலும் நிலைக்குத்தாகவோ கிடையாகவோ 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ தாங்கவேண்டும். அம்மாவின் எடை 58 கிலோதான். ஆனால் வழுக்கி விழும் ஆள் கம்பியை வெட்டி இழுக்கும்போது எடையைவிடக் கூடுதல் விசை வரும்.

4. அனுமதியும் பத்திரங்களும்

தனி வீடு என்றால் அனுமதிப் பகுதியைக் கடந்து, கீழே கடையில் வாங்கவேண்டிய தாள்களுக்குப் போகலாம். தொடர்மாடி என்றால் ட்ரில்லைத் தொடுவதற்கு முன் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். வெளிச்சுவரும் சிலாப்பும் பெரும்பாலும் பொதுச் சொத்து. உங்கள் கதவுக்குள் இருப்பதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. கடிதத்தில் என்ன பொருத்துகிறீர்கள், எத்தனை துளை, எத்தனை மி.மீ. ஆழம், எந்தச் சுவர் என்று எழுதி, கையால் வரைந்த படம் ஒன்றும் சேர்த்தால் பதில் சீக்கிரம் வரும். சத்தம் போடக்கூடிய நேரத்தையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய உயர்மாடிகளுக்கு ஒரு கேள்வி மிக முக்கியம்: "சிலாப் போஸ்ட் டென்ஷன் செய்ததா?" அப்படியென்றால் கொங்கிரீட்டுக்குள் முறுக்கி இழுத்த எஃகுக் கயிறுகள் ஓடுகின்றன. அதில் ஒன்றை ட்ரில் வெட்டினால் ஆளுக்கும் ஆபத்து, கட்டடத்துக்கும் சேதம். கயிறுகள் ஓடும் படத்தைப் பார்க்காமல் சிலாப்பில் துளையே போடாதீர்கள்.

கடையில் கேட்டு வாங்கவேண்டிய தாள்கள் மூன்று. முதலாவது டேட்டா ஷீட்: துளை அளவு, ஆழம், இறுகும் நேரம், தாங்கும் சுமை எல்லாம் அதில். இரண்டாவது பாதுகாப்புத் தாள். மூன்றாவது ஈ.டி.ஏ. எனப்படும் ஐரோப்பிய மதிப்பீட்டுச் சான்றிதழ். அதில் கொங்கிரீட்டுக்கு என்று ஒன்றும் கல்லுச் சுவருக்கு என்று வேறொன்றும் உண்டு. ஒரு டியூப்புக்குக் கொங்கிரீட்டுச் சான்று இருப்பதால் அது செங்கலில் நிற்கும் என்று அர்த்தமில்லை. கடையில் தாள் இல்லையென்றால் டியூப்பில் உள்ள பெயரை அப்படியே இணையத்தில் தேடுங்கள். நல்ல நிறுவனங்கள் எல்லாம் இலவசமாகப் போட்டிருக்கின்றன. எங்கே தேடியும் தாளே இல்லாத டியூப்பை நான் இப்போது வாங்குவதில்லை.

பில்லில் பாட்ச் இலக்கம் எழுதித் தரச்சொல்லுங்கள். டியூப்பையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

5. எந்தப் பிசின், எந்தக் கம்பி?

பிசின் பொதுவாக மூன்று வகை. பொலியெஸ்டர் மலிவு, சீக்கிரம் இறுகும், செங்கல் சுவரில் சின்னச் சுமைக்குப் போதும். வைனல் எஸ்டர் அதைவிடப் பலம், ஈரத்துக்கும் வெளிச்சுவருக்கும் ஏற்றது, வீட்டு வேலை பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும். சுத்த எபொக்ஸி விலை கூடியது. மெதுவாக இறுகும், ஆழத் துளைக்கும் கம்பி நடுவதற்கும் பொருத்தம். எபொக்ஸி என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம். சுவரே பலவீனமாக இருந்தால் பிசினின் பலம் உபயோகப்படாது, முதலில் உடைவது கல்தான்.

வீட்டில் கிடக்கும் விரிசல் அடைக்கும் எபொக்ஸிப் பசை, டைல் பசை, வெறும் சீமெந்துக் கூழ் எதுவும் இதற்குப் பதில் ஆகாது.

கம்பி முழுநீளம் புரி வெட்டியதாக இருக்கவேண்டும். கடையில் திரெட் பார் என்று கேளுங்கள். மழமழப்பான கம்பியை வெட்டி நட்டுவிட்டு நுனியில் மட்டும் புரி போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பிசின் புரியின் பள்ளங்களில் போய்ப் பிடிப்பதால்தான் கம்பி நிற்கிறது. மழமழப்பில் பிடிக்க ஒன்றும் இல்லை. கம்பியில் எண்ணெய் பூசியிருந்தால் தின்னரால் துடைத்துக் காயவையுங்கள்.

கொழும்புக் காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்கள் சில்வர் நிற நாகப் (ஸிங்க்) பூச்சுக் கம்பியை வெளிச்சுவரில் போடவே வேண்டாம். சில மாதத்திலேயே கறல் பிடிக்கும். 304 ஸ்டெயின்லெஸ் உள்ளறைக்குச் சரி. கடல்காற்றுப் படும் இடத்துக்கு 316, அதாவது ஏ4 என்று பொறித்தது. நட்டும் வொஷரும் அதே வகையாக இருக்கவேண்டும். 316 கம்பியில் சாதாரண நட்டைப் போட்டால் நட் முதலில் கறல் பிடித்து, கழற்றவும் முடியாமல் போகும்.

6. கடைக்குப் போகும் முன் கணக்கு

பொதுவான அளவுகள் இவை. எம்8 கம்பிக்கு (8 மி.மீ. விட்டமுள்ளது) துளை 10 மி.மீ., ஆழம் 80. எம்10க்குத் துளை 12, ஆழம் 90. எம்12க்குத் துளை 14, ஆழம் 110. எம்16க்குத் துளை 18, ஆழம் 125. இவை கொங்கிரீட்டுக்கு. உங்கள் டியூப்பின் தாளில் வேறு எண் இருந்தால் தாளில் இருப்பதே சரி.

துளையில் மூன்றில் இரண்டு பங்கு பிசின் நிரப்பவேண்டும். எம்12 துளைக்கு அது ஏறக்குறைய 11 மி.லீ. (மி.மீ. அல்ல). கடையில் இந்த இரண்டையும் குழப்பி எண்ணிக்கை பிழைப்பதைக் கண்டிருக்கிறேன். 300 மி.லீ. டியூப் ஒன்று, முதலில் பிழிந்து வீசும் பங்கையும் கழித்தால், இப்படி 20 முதல் 22 துளைக்கு வரும். உள்ளோட்டைக் கல்லில் வலைக்குழல் (பிசின் ஓட்டைக்குள் கொட்டிவிடாமல் பிடிக்கும் வலைபோன்ற குழல்) ஒன்றை முழுதாக நிரப்பவேண்டும். 16 மி.மீ. அகலம், 85 மி.மீ. நீளமுள்ள குழல் 17 மி.லீ. குடிக்கும். அப்போது அதே டியூப் 15 துளைக்குத்தான்.

விலையை ரூபாயில் எழுதினால் டொலரோடு மாறிவிடும். ஆகவே என்னென்ன வாங்கவேண்டும் என்று சொல்கிறேன். டியூப். அதற்குரிய கலவை நொசில் (டியூப்பில் உள்ள இரண்டு கூறையும் கலந்து தரும் முனை), டியூப்போடு வருவதற்கு மேல் குறைந்தது இரண்டு. கம்பிப் பிரஷ், துளை அளவுக்குரியது. ஊதும் கைப் பம்பு. வலைக்குழல். திரெட் பார், நட், வொஷர். ஹாமர் ட்ரில்லில் பூட்டும் எஸ்.டி.எஸ். அலகு. தூசி மாஸ்க், கண்ணாடி, கையுறை. 300 மி.லீ. டியூப்புகளில் பல சிலிக்கன் அடிக்கும் சாதாரண கன்னிலேயே பொருந்தும். பெரிய டியூப்புகளுக்குத் தனிக் கன் வேண்டும், அதன் விலை டியூப்பைவிடக் கூட. சின்ன வேலைக்குப் பெரிய டியூப் வாங்கி அதற்காகக் கன்னும் வாங்குவது வீண்செலவு.

பழைய சோனகத் தெருவில் நாலு ஹாட்வெயார் கடை ஏறி இறங்கினால் விலை வித்தியாசம் தெரியும். கேட்கும்போது 18 வீத வற் வரி சேர்த்தா சேர்க்காமலா, நொசில் எத்தனை உள்ளே இருக்கிறது என்ற இரண்டையும் கேளுங்கள். நொசில் இல்லாத மலிவு விலை மலிவு இல்லை.

பணம் கொடுக்கும் முன் டியூப்பின் அடியில் அல்லது பக்கத்தில் உள்ள காலாவதித் திகதியைப் பாருங்கள். பெரும்பாலும் ஆயுள் 12 முதல் 18 மாதம், அதுவும் 25 பாகைக்குக் கீழே வைத்திருந்தால். தகரக் கூரைக்கு அடியில், வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த டியூப்புக்கு அந்தத் திகதி பொருந்தாது. டியூப்பைக் கையில் எடுத்து அமத்திப் பாருங்கள். ஒரு பக்கம் கட்டியாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வாங்கியதை ஓட்டோவின் பின்சீட் வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகவும் வேண்டாம்.

7. துளையிடல்

இடைவெளி முதலில். முழுப் பலம் வேண்டுமென்றால் கொங்கிரீட்டின் ஓரத்திலிருந்து ஆழத்தின் ஒன்றரை மடங்கு, இரண்டு போல்ட்டுக்கு இடையில் ஆழத்தின் மூன்று மடங்கு தூரம் விடவேண்டும். அதைவிடக் கிட்ட வைக்கலாம், ஆனால் தாங்கும் சுமை குறையும். எவ்வளவு குறையும் என்பது தாளில் இருக்கும்.

கொங்கிரீட்டுக்கும் திடமான செங்கலுக்கும் ஹாமர் ட்ரில். உள்ளோட்டைக் கல்லுக்கு ஹாமரை நிறுத்துங்கள். ஹாமர் அடித்தால் கல்லின் உள்முகம் சிதறி, வெளியிலிருந்து பார்க்க அழகான துளையும் உள்ளே கிண்ணம்போல் உடைந்த பள்ளமும் கிடைக்கும். டைல் இருந்தால் முதலில் டைல் அலகால் ஹாமர் இல்லாமல் டைலை மட்டும் கடந்து, பிறகு அலகை மாற்றுங்கள். செங்கலில் கல்லின் நடுவில் துளையிடுங்கள், சாந்து மூட்டில் வேண்டாம்.

அலகில் டேப் சுற்றி ஆழத்தைக் குறியுங்கள். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் அலகு முட்டினால் அதை வெட்டி முன்னேறவேண்டாம். தூணிலும் பீமிலும் அந்தக் கம்பிதான் கட்டடத்தைத் தாங்குகிறது. இடத்தை மாற்றி, கைவிட்ட துளையைச் சுருங்காத சீமெந்துச் சாந்தால் இறுக அடைத்துவிடுங்கள். அடைக்காத வெறும் துளை என்றால், புதிய துளை அதன் ஆழத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் இருக்கவேண்டும்.

8. துப்புரவு

இதை யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். வேலை செய்யும் பாஸ் பக்கத்தில் நின்று "அக்கா, தூசி போயிட்டுது, ஊத்துவம்" என்று சொல்வார். இன்னொரு சுற்று என்று சொல்லுங்கள்.

ஒழுங்கு இதுதான்: நாலு தரம் ஊதல், நாலு தரம் பிரஷ், மறுபடி நாலு தரம் ஊதல். சில டியூப்புகளுக்கு இரண்டு தரம் போதும் என்று தாளில் இருக்கும். தாள் சொல்வதற்குக் குறையக்கூடாது. பம்பின் குழாய் துளையின் அடிவரை போகவேண்டும், வாயில் வைத்து ஊதினால் மேல் தூசி மட்டும் பறந்து அடித்தூசி அப்படியே கிடக்கும். பிரஷ் துளையைவிடச் சற்றுப் பெரியதாக, உள்ளே போகும்போது இறுக்கம் தெரியவேண்டும். தளர்வாகப் போனால் பிரஷ் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் தூசியைச் சுவரில் சேறாக அப்பிவிடும், தூசி கண்ணுக்கும் வரும். கொங்கிரீட், செங்கல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு, மாஸ்க் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. கம்ப்ரஸர் வைத்து ஊதினால் காற்றில் எண்ணெய் வராததாக இருக்கவேண்டும்.

நாங்கள் மூன்றாம் முறை செய்தபோது முதல் ஊதலில் சிவப்புப் புகை ஒரு முழம் வந்தது. பிரஷ் போட்ட பிறகு ஊதியபோது திரும்பவும் அதே அளவு வந்தது. பிரஷ் சுரண்டி எடுத்த அந்த இரண்டாம் புகைதான் முந்திய முறை என் கம்பியோடு வெளியே வந்தது. கடைசி ஊதலில் கையை முன்னால் பிடித்தேன், உள்ளங்கையில் ஒன்றும் ஒட்டவில்லை. அப்போதுதான் கன்னை எடுத்தோம்.

மழை பெய்து சுவர் ஈரமாக இருந்தால்? ஈரத் துளையில் வேலை செய்யும் டியூப்புகள் உண்டு, ஆனால் இறுகும் நேரத்தை இரட்டிப்பாக எடுங்கள். துளைக்குள் தண்ணீர் தேங்கி நின்றால் வீட்டு வேலைக்கு அன்று விட்டுவிடுவதே நல்லது. ஐப்பசி மழைக்காலத்தில் கொழும்பில் பின்னேரம் இடியோடு மழை வரும். வெளிச்சுவர் வேலையைக் காலை ஏழுக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்கப் பாருங்கள். வெயில் சுவரைச் சுடவைப்பதற்கு முன்பும் அதுதான் நேரம்.

9. ஊற்றுவதும் கம்பி வைப்பதும்

கம்பியில் ஆழக் குறியை டேப்பால் போட்டு, பிசின் இல்லாமல் ஒருதரம் துளைக்குள் விட்டுப் பாருங்கள். சிக்கினால் இப்போதே தெரியட்டும்.

நொசிலைப் பூட்டி முதலில் வரும் பிசினைக் கடதாசியில் வீசுங்கள். சுமார் 10 செ.மீ. நீளம், அல்லது இரண்டு நிறமும் ஒன்றாகிக் கோடு இல்லாத ஒரே நிறம் வரும்வரை. வெள்ளையும் கறுப்பும் கோடு கோடாக வரும் பிசின் ஒருநாளும் இறுகாது. புதிய நொசில் பூட்டும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யவேண்டும்.

நொசிலைத் துளையின் அடியில் வைத்து, அமத்திக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். மூன்றில் இரண்டு பங்கில் நிறுத்துங்கள். பிறகு கம்பியைக் கையால் சுழற்றிச் சுழற்றி உள்ளே விடுங்கள். சுத்தியலால் அடிக்கவேண்டாம். கம்பி அடி தொட்டபோது துளையின் வாயில் சிறிது பிசின் பிதுங்கி வரவேண்டும். வரவில்லையென்றால் உள்ளே காற்று இருக்கிறது: கம்பியை எடுத்து, உடனே இன்னும் நிரப்புங்கள். உள்ளோட்டைக் கல்லில் வலைக்குழலைச் செருகி, அதை அடியிலிருந்து வாய்வரை முழுதாக நிரப்பி, பிறகு கம்பி. பிசின் வலைக்கண்களால் வெளியே தள்ளப்பட்டுக் கல்லின் உள்பக்கத்தில் குமிழ்போல் பிடித்துக்கொள்ளும்.

நேரம்தான் நம் ஊரில் எதிரி. ஒரு வைனல் எஸ்டர் டியூப்பின் தாளில் 20 முதல் 30 பாகை வரை கையாளும் நேரம் 4 நிமிடம், 30க்கு மேல் 2 நிமிடம். கொழும்பு மத்தியான வெயிலில் மேற்குச் சுவரில் அந்த 2 நிமிடமும் நம்பக்கூடியதில்லை. ஆகவே ஒரே நேரத்தில் பத்துத் துளையை நிரப்பிவிட்டுக் கம்பி தேடாதீர்கள். ஒரு துளை, ஒரு கம்பி. வெப்ப நாட்டுக்கென்று மெதுவாக இறுகும் டியூப்புகளும் விற்கிறார்கள், கேளுங்கள். நாங்கள் டியூப்பைப் பொலித்தீன் பையில் கட்டித் தண்ணீர் வாளியில் நிழலில் வைத்திருந்தோம். நொசிலுக்குள் பிசின் இறுகத் தொடங்கினால் கன்னைப் பலமாக அமத்தவேண்டாம், டியூப் பின்னால் வெடிக்கும். நொசிலை மாற்றுங்கள்.

10. காத்திருத்தல், இறுக்கல், சோதனை

அதே வைனல் எஸ்டர் தாளில் முழுதாக இறுகும் நேரம் 20 முதல் 30 பாகையில் 45 நிமிடம், அதற்கு மேல் 35 நிமிடம். எபொக்ஸிக்குப் பல மணிநேரம், இரவு முழுக்க விடுவது நல்லது. இடையில் கம்பியைத் தொட்டு, ஆட்டி, "இறுகிட்டுதா" என்று பார்க்காதீர்கள். ஒருதரம் அசைந்த பிசின் திரும்ப ஒட்டாது. கடதாசியில் வீசிய மிச்சத்தைக் குத்திப் பாருங்கள், அதுவே சொல்லும்.

இறுக்குவதற்கு அளவு உண்டு. கொங்கிரீட்டில் எம்8க்கு 10, எம்10க்கு 20, எம்12க்கு 40 நியூட்டன் மீற்றர் வழக்கமானது. செங்கலிலும் உள்ளோட்டைக் கல்லிலும் இதில் சின்னப் பங்குதான். நீளக்கை ஸ்பனரால் முழுப்பலம் கொடுத்தால் நல்ல அங்கரையே நீங்கள் பிடுங்கிவிடுவீர்கள். டோர்க் ரென்ச் (அளவு வைத்து இறுக்கும் ஸ்பனர்) ஒருநாள் வாடகைக்கு எடுக்கலாம்.

செங்கலிலும் சீமெந்துக் கல்லிலும் தாளில் உள்ள எண் அந்த நிறுவனம் சோதித்த கல்லுக்குரியது. நம் ஊர்க் கல் அதுவல்ல. ஆகவே ஆளின் உயிர் தங்கியிருக்கும் இடத்தில் இழுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்விக்கவேண்டும். ஹைட்ரோலிக் இழுவைக் கருவியோடு வந்து செய்து, தாளும் தருவார்கள். பி.எஸ். 8539 என்ற பிரித்தானிய வழிகாட்டி நாற்பதுக்கு ஒன்று, எப்படியும் மூன்றுக்குக் குறையாமல், பாவிக்கும் சுமையின் ஒன்றரை மடங்கு வரை இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. வீட்டில் நாலே போல்ட் என்றால் நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் வரும் கூலிதான் பெரிய செலவு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் கூடுதலாக ஆவது கொஞ்சம்.

டைலுக்கும் தகட்டுக்கும் இடையில் சிலிக்கன் அடியுங்கள், தண்ணீர் துளைக்குள் போகக்கூடாது.

11. மிச்சமான டியூப்

நொசிலைக் கழற்றவேண்டாம். அதற்குள் இறுகும் பிசினே மூடி. மேலே மார்க்கர் பேனையால் திறந்த திகதியை எழுதி, வீட்டின் குளிர்ச்சியான அலுமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாமல் நிறுத்தி வையுங்கள். அடுத்தமுறை புதிய நொசில், முதல் 10 செ.மீ. வீசல், நிறம் பார்த்தல். இறுகாத பிசினைச் சிங்க்கிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். கடதாசியில் பிழிந்து இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள். தோலில் பட்டால் தின்னர் பூசாமல் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டு உடனே கழுவுங்கள்.

பில், டேட்டா ஷீட், டியூப்பின் போட்டோ, இழுவைச் சோதனைத் தாள், துளைகளின் ஆழம் எழுதிய துண்டு எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். எங்கள் பைலில், பிடுங்கி வந்த அந்தத் தூள் ஒட்டிய கம்பியையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன். வேலைக்கு யார் வந்தாலும் ட்ரில்லை எடுக்கும் முன் அதைக் கையில் கொடுத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.